மிஞ்சிய வரியும் ஆர்லனின் வண்டியும்

"காசு இருக்கு, ஆனா தொடக்கூடாது," என்றாள் நகரசபைக் கணக்குப் பார்க்கும் லுவெல்லா.

ஆர்லன் தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். உட்காரத் தோன்றவில்லை. அவர் ஓட்டும் பனி தள்ளும் வண்டிக்குப் பிரேக் பாதி போய்விட்டது. போன குளிர்காலத்தில் மலை வளைவில் முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. உள்ளே அவர்.

"ஏன் தொடக்கூடாது?"

"கோடையில சுற்றுலா வந்த கூட்டத்துல விற்பனை வரி வரம்பைத் தாண்டிருச்சு. கொலராடோ சட்டப்படி தாண்டின காசு ஜனங்களோடது. திருப்பிக் குடுக்கணும். இல்லேன்னா, வச்சுக்கலாமான்னு ஓட்டு கேக்கணும். ஆமான்னா உங்களுக்குப் புது வண்டி. வேணாம்னு ஓட்டு விழுந்தா, பிரேக் இல்லாத பழசையும் கொட்டகையில பூட்டிருவாங்க. பக்கத்து ஊர் வண்டிதான் வரும்."

"கேட்டுட்டாப் போச்சு. புது வண்டியை யாரு வேணாம்பாங்க?"

அன்றே வீடு வீடாக ஏறி இறங்கினார். வேலை முடிந்த பிறகும் கால் ஓயவில்லை.

"இன்னிக்கு எந்தத் தெரு?" என்று மனைவி வெர்னா காபி ஊற்றினாள்.

"ஆத்தங்கரைத் தெரு. குடிக்க நேரமில்ல."

சும்மா சொன்னால் நம்ப மாட்டார்கள், வண்டியின் லட்சணத்தைக் கண்ணால் பார்க்கட்டும் என்று ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் ஓட்டிப் போக முடிவு செய்தார். முந்தின நாள் அந்தத் துருவைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டார்.

"அடேயப்பா, மணப்பொண்ணு மாதிரி இருக்கே!" என்று ஊர்வலத்தில் கத்தினார் முடிவெட்டும் கஸ். "இதுக்கா புதுசு கேக்குற?"

ஆர்லனுக்குத் தூக்கம் போயிற்று. அக்டோபரிலேயே முதல் பனி கொட்டியபோது வேறு யோசனை வந்தது. வண்டியைக் கொட்டகையிலேயே விட்டார். தெரு அடைபட்டால்தான் புத்தி வரும்.

விடிந்ததும் ஊரே மண்வாரியோடு வெளியே வந்தது. ஒருவர் காபி கொண்டுவந்தார், ஒருத்தி பாட்டுப் போட்டாள். சண்டை போட்டுப் பேசாமலிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே வாசலை வாரினார்கள்.

"இப்படி ஒண்ணாச் சேந்து எத்தனை நாளாச்சு!" என்றார் கஸ். "வண்டியே தேவையில்ல போலிருக்கே ஆர்லன்?"

வண்டியின் அருமையைக் காட்டிவிட நினைத்தார் ஆர்லன். அடுத்த பனிக்கு விடியுமுன்னே கிளம்பி, தார் தெரிகிற அளவுக்கு எல்லாத் தெருவையும் வழித்துப் போட்டார். நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் பனிக்குவியலில் போய் முட்டித்தான் நிறுத்தினார்.

கஸ் கடை வாசலில் நின்று கைதட்டினார். "பாரு, கெழவி என்னமா வேலை செய்றா! இன்னும் பத்து வருஷம் ஓடும்!"

"ஓடும்யா. நிக்காது!"

கஸ் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்.

தபாலில் வந்த ஓட்டுச்சீட்டுகளை எண்ணி முடித்து, லுவெல்லா முடிவை நகரசபை வாசலில் ஒட்டினாள். நாலில் மூன்று பேர் 'இல்லை' போட்டிருந்தார்கள். மிஞ்சிய வரி வீட்டுக்கு வீடு தண்ணீர்க் கட்டணத்தில் கழிக்கப்படும். அன்று மாலையே கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது.

ஆர்லன் வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"தலையாட்டினாங்க வெர்னா. ஒவ்வொரு வீட்லயும் என் கையைப் புடிச்சுக்கிட்டுத் தலையாட்டினாங்க! பெயின்ட்டால கெட்டுச்சா? பனியால கெட்டுச்சா? எவனோ உள்ள பூந்து கெடுத்திருக்கான். அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்!"

வெர்னா அவருடைய பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள்.

"உக்காரு ஆர்லன். நீ ஏறி இறங்கின வீட்டுக்கெல்லாம் மறுநாள் நான் போய்க் கேட்டுட்டு வந்தேன், எம் புருஷன் இந்தக் குளிர்காலமாவது உசுரோட வீட்ல இருக்கணும், தயவுபண்ணி 'இல்லை'ன்னு போடுங்கன்னு."