சர்வேயர் அளந்த வெண்ணெய்

வெண்ணெய்க் கட்டியின் ஒரு மூலையைக் காணவில்லை. அது சர்வேயரின் வாய்க்குள் இருந்தது.

சனிக்கிழமை காலை. மனைவி தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "மக வந்தா கேக் பண்ண வாங்கினது. அதுல கைய வச்சீங்க, நான் தங்கச்சி வீட்டோட இருந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, இனி வெண்ணெயைத் தொடமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவர் அவர். அதன் பிறகு மூன்று தடவை அகப்பட்டு, மூன்று தடவையும் பாத்திரம் தேய்த்து மன்னிப்பு வாங்கியாயிற்று. இது நாலாவது.

வேகவைத்ததையே தின்று தின்று நாக்கு செத்துப்போயிருந்தது. வெண்ணெய் கரைந்து உள்ளே இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த நொடி கை தானாக நெஞ்சைத் தடவிப் பார்த்தது. சாகவும் பயம், சாப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஒரு மூலை போனால் தெரியும். நாலும் போனால்? முப்பது வருஷம் நிலம் அளந்தவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா! ஸ்கேலை வைத்து மற்ற மூலைகளையும் செதுக்கினார். செதுக்கியதை எறிய மனம் வரவில்லை. பிறகு பக்கங்கள் கோணலாகத் தெரிந்தன. அவற்றையும் நேராக்கினார். அரை மணி நேரத்தில் பாதி நிலம் கைமாறிவிட்டது.

மிச்சத்தை உருக்கிச் சின்ன டப்பாவில் உறைய வைத்தால் புதுக் கட்டி மாதிரி இருக்குமே என்று அடுப்பில் வைத்தார். கூடத்தில் போன் அடித்தது.

"என்ன பண்றீங்க?" மனைவிதான்.

"சும்மா... வீட்டக் கூட்டலாம்னு."

"நீங்களா? உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கேன்."

"அப்ப அப்படியே பரணையும் ஒரு கை பாத்துடுங்க."

திரும்பி வருவதற்குள் வாணலி புகைந்து கூரை கறுத்திருந்தது. பதறி இழுத்ததில் வெண்ணெய் தரையெல்லாம் ஓடியது. துணியால் துடைத்தார், பரவியது. வெந்நீர் ஊற்றினார், கூடம் வரைக்கும் போனது. பழைய துணி தேடிப் படுக்கையறைக்கு ஓடியதில் அங்கேயும் காலடித் தடம். புகை வாடை திரைச்சீலைகளில் ஏறிக்கொண்டது.

அன்று முழுக்கத் தேய்த்தார். திரைகளைத் துவைத்தார், கூரையைச் சுரண்டினார். சொன்ன வாய்க்குப் பரணையும் ஒழித்தார். ஞாயிறு மதியம், சாயங்காலம் அவள் வந்துவிடுவாள் என்ற நிலையில், இடுப்பு நிமிரவில்லை. நெஞ்சு படபடத்தது. வெண்ணெயாலா வேலையாலா என்று தெரியவில்லை. இந்த வயதில் திருடனைப் போலத் தடயம் அழிக்கிறோமே என்று துடைப்பமும் கையுமாக நின்று கொஞ்சம் அழுதார். தன்மேல் அவளுக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் இன்றோடு சரி என்று தோன்றியது.

கடைசியில் மளிகைக் கடைக்குப் போன் போட்டார்.

"அதே வெண்ணெய், அதே சைஸ், ஒண்ணே ஒண்ணு. வீட்ல தெரிய வேண்டாம்."

கடைக்காரம்மாவே கொண்டுவந்தாள். பாக்கெட்டை வாங்கியதும்தான் அவருக்கு உயிர் வந்தது. அவள் போகாமல் அவர் தோளுக்கு மேலே எட்டி உள்ளே பார்த்தாள்.

"பரவாயில்லையே அண்ணே, வீடு பளபளன்னு இருக்கு."

"ஏதோ, பொழுது போகல."

அவள் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து இன்னொரு பாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

"நான் ஒண்ணுதானேம்மா கேட்டேன்?"

"இது அக்கா வெள்ளிக்கிழமையே சொல்லி வச்சது அண்ணே. 'அவரு போன் பண்ணினதும் போய் எட்டிப் பாரு, ஜன்னல் துடைக்காம இருந்தா இன்னொண்ணும் குடுத்துட்டு வா, நான் இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்'னாங்க."