அத்தான் துணி

கோடு போகவில்லை. போன தடவையைவிட இப்போது தெளிவாகவே தெரிந்தது.

ஜன்னலோரம் நின்று ஒரு வெள்ளைத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்திருந்தார் லென்ஸ்காரர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சின்ன லென்ஸ் வைத்திருப்பதால் கம்பெனியில் அவருக்கு அந்தப் பெயர். ஒரு கண்ணில் லென்ஸை வைத்து, மறு கண்ணை இறுக்கி மூடி, தாளை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். மேஜையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"பேப்பரைத்தான் சாப்பிடப் போறீங்கன்னா சொல்லிடுங்க, தட்டை எடுத்துடறேன்" என்றாள் மனைவி.

"கோடு தெரியுது பாரு. வரிசையா, சாய்வா."

"எனக்கு ஒண்ணும் தெரியலை. வெள்ளையா இருக்கு."

"உனக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுவரும் வசனம் இது. தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

லென்ஸ்காரர் நெய்வது உடுத்துகிற துணி அல்ல. காகித ஆலை இயந்திரத்தில் சுற்றிச் சுற்றி ஓடும் பட்டைத் துணி. பிளாஸ்டிக் இழையில், கொசுவலையைவிட நெருக்கமாக, ஒரு சின்ன வீட்டையே மூடிவிடும் அகலத்துக்கு நெய்வார்கள். காகிதக் கூழ் தண்ணீராகத்தான் வந்து விழும். தண்ணீர் துணி வழியே கீழே வடிந்துவிடும், நார் மேலே தங்கிவிடும். தங்கியதுதான் காகிதம். அதனால் துணியின் மேல்பக்கம் மெல்லிய இழை, காகிதத்தில் தடம் விழக்கூடாது. அடிப்பக்கம் தடித்த இழை, இயந்திரத்தில் உரசித் தேயக்கூடாது. எந்த இழை எதற்கு மேலே போக வேண்டும், எதற்கு அடியில் நுழைய வேண்டும் என்று கட்டம் போட்டுத் தீர்மானிப்பது லென்ஸ்காரர் வேலை.

அதில் அவருக்குக் கர்வம் உண்டு. கொஞ்சநஞ்சமல்ல. அவர் முதன்முதலாக வடிவமைத்த துணி, இந்தத் தாளை அனுப்பிய ஆலைக்குத்தான் போனது. ஒரு புகார் இல்லாமல் ஓடியது. அந்த ஒரு வெற்றியில்தான் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். அந்தத் துணியில் மிஞ்சிய ஒரு துண்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மேல்பக்கம் தெரியும்படி, தன் அறையில் மாட்டி வைத்திருந்தார். பார்க்க வருகிறவர்கள் அதைப் பாராட்டாமல் நாற்காலியில் உட்கார முடியாது.

அப்புறம் அதே வடிவத்தில் எத்தனையோ துணிகள் போயின, ஓடின. போன வருஷம் இரண்டு காரியம் நடந்தது. இதுநாள்வரை அட்டைப்பெட்டிக்கான பழுப்புக் காகிதம் செய்துவந்த ஆலை, எழுதுகிற வெள்ளைக் காகிதத்துக்கு மாறியது. அங்கே இயந்திரக்கூடத்துக்குத் தலைவனாக இருந்த லென்ஸ்காரரின் மைத்துனன் ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு போய்விட்டான். வெள்ளைக் காகிதம் வந்த கையோடு கோடும் வந்துவிட்டது.

"எனக்கென்னவோ உன் தம்பி மேலதான் சந்தேகம்" என்றார், ஆறின சோற்றைப் பிசைந்தபடி.

"அவன் ரிட்டையராகிப் போயிட்டான். பேரனை ஸ்கூல்ல விட்டுட்டு வர்றான். அவனுக்கும் உங்க கோட்டுக்கும் என்ன?"

"போறப்போ ஏதாவது சொல்லிக்குடுத்துட்டுப் போயிருப்பான்."

"அப்போ அவனுக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"நானா? அவனுக்கா?"

பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது. ஒரு குடும்ப விசேஷத்தில், சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், "என் துணி ஓடுறதாலதான் உன் மில்லு ஓடுது, உன் மில்லு ஓடுறதாலதான் நீ சம்பளம் வாங்கறே" என்று லென்ஸ்காரர் சொன்னார். மைத்துனன் சிரித்தான். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பார். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. மைத்துனன் இருக்கிற ஆலையில் கால் வைப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தவர். அதற்கு முன்பும் அவர் அங்கே போனதில்லை என்பது வேறு விஷயம். காகிதத்தை அனுப்பினால் லென்ஸ் சொல்லிவிடும், போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

கோட்டைப் போக்க வழி அவருக்குத் தெரியும். மேல்பக்க இழையை இன்னும் மெல்லியதாக்கினால் தடம் விழாது. ஆனால் மேலே மெலிந்தால் துணி தாங்காது, அதை ஈடுகட்ட அடிப்பக்க இழையைத் தடிப்பாக்க வேண்டும். அப்படியே செய்து அனுப்பினார்.

கோடு இன்னும் அழுத்தமாக விழுந்தது.

"இன்னும் மெலிசாக்கு" என்றார் தன் உதவியாளரிடம். படிப்பு முடித்து நேரே வந்து சேர்ந்த பெண். எதைச் சொன்னாலும் முகத்தில் ஒரு கேள்வியோடு கேட்பவள்.

"சார், மெலிசாக்கினதுக்கப்புறம் கோடு அதிகமாயிருக்கே. தப்பு வேற எங்கயாவது இருக்குமோ? நேர்ல ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தா..."

"நீ வேணா போயிட்டு வா. எனக்கு அங்க வேலையில்லை."

போய்விட்டு வந்தாள். ஓடுகிற இயந்திரத்தில் ஆவியும் ஈரமும்தான் கண்ணில் பட்டனவாம். துணி வெள்ளையாக விர்ரென்று போகிறதாம், அதில் என்ன தெரியும்?

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் சார். அங்க நம்ம துணிக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க."

"என்ன பேரு?"

"அத்தான் துணி."

லென்ஸ்காரர் முகம் சிவந்தது. மைத்துனன் தன்னைக் கூப்பிடுவது அப்படித்தான். ஆலை முழுக்கத் தன்னைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டுப் போயிருக்கிறான்! அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லிக் குதித்தார். "அவன் பாசமா சொல்லியிருப்பான்" என்றாள் மனைவி. பாசம் என்ற சொல்லைக் கேட்டதும் இன்னும் குதித்தார்.

அடுத்த துணியில் மேலிழை தலைமுடி போல ஆனது, அடியிழை சணல் போல ஆனது. இந்தத் தடவை கோடு லென்ஸ் இல்லாமலே தெரிந்தது. போதாக்குறைக்கு, வழக்கமாக ஓடுகிற நாளில் பாதிகூட ஓடாமல் துணி கிழிந்து தொங்கியது. ஓடிக்கொண்டிருந்த காகிதமெல்லாம் குப்பையாகி, ஆலை ஒரு நாள் முழுக்க நின்றது.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை.

"எழுதற பேப்பர் கேட்டா, ஏற்கெனவே கோடு போட்ட நோட்டு தர்றீங்களாமே. மில்லுக்காரன் போன்ல சிரிக்கிறான். திட்டியிருந்தாக்கூட நான் சும்மா இருந்திருப்பேன்."

சிரிப்பு எவ்வளவு வலிக்கும் என்று லென்ஸ்காரருக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னும் ஒரே ஒரு துணி. அதுவும் சரியில்லைன்னா, டிசைன் மேஜை அந்தப் பொண்ணுக்கு. நீங்க ஸ்டோர்ல உக்காந்து நூல்கண்டு எண்ணிக்கிட்டிருங்க. பழைய மரியாதைக்கு வேலையை விட்டு அனுப்பலை."

ஸ்டோர் ரூமில் ஜன்னல் கிடையாது. வெளிச்சம் இல்லாத இடத்தில் லென்ஸ் எதற்கு?

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி இரண்டு தடவை தம்பி பேச்சை எடுத்துப் பார்த்தாள். "ஒரு போன்தானேங்க. உங்க மானம் என்ன கம்பி வழியா ஒழுகிடப் போகுதா?" என்றாள். எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

மாடியில் செடிகளுக்கு நிழலாக ஒரு பழைய துணித் துண்டு கட்டியிருந்தது. ஓடித் தேய்ந்த துணிகளை ஆலையில் அறுத்து ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். மைத்துனன் எப்போதோ அக்காவுக்குக் கொடுத்தனுப்பியது இது. லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். மெல்லிய இழையுள்ள பக்கம் மழமழவென்று தேய்ந்திருந்தது. தடித்த பக்கம் புதுசு மாதிரி அப்படியே இருந்தது.

"பார்த்தியா!" என்று கீழே பார்த்துக் கத்தினார். "காகிதம் உக்கார்ற பக்கம் தேஞ்சிருக்கு! காகிதம் உக்காந்து துணி தேயுமா? முரட்டு பிரஷ் போட்டுத் தேச்சுக் கழுவியிருக்கான் உன் தம்பி. அதைத்தான் ஆளுங்களுக்கும் பழக்கி விட்டிருக்கான்!"

கையில் லென்ஸ், கண் முன்னால் சாட்சி. அவர் பார்த்ததெல்லாம் மைத்துனனைத்தான்.

கடைசித் துணியை மாட்டும்போது நேரில் நின்று, பிரஷ்ஷோடு அவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தார். பல வருஷ வைராக்கியத்தை விட்டு ஆலைக்குக் கிளம்பினார். முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தின மனைவி, "அங்க போய் யார்கிட்டயும் சண்டை போடாதீங்க" என்றாள்.

இயந்திரக்கூடம் பஸ் ஸ்டாண்ட் நீளத்துக்கு இருந்தது. புது மேனேஜர் வாசலிலேயே கைகொடுத்து அழைத்துப் போனார். இயந்திரம் நின்றிருந்தது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து துணியை உருளைகளுக்கிடையே மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார்கள். மேல்பக்கம் எது என்று அடையாளம் காட்ட, ஓரத்தில் சிவப்பு இழை ஒன்று ஓடும். லென்ஸ்காரர் தேடினார். மேலே காணோம். குனிந்தார். முழங்கால் போட்டுத் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்.

சிவப்பு இழை அடியில் போய்க்கொண்டிருந்தது.

"கவுத்துப் போட்டிருக்காங்க!" என்று கூடமே அதிரக் கத்தினார். அது அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. ஒரே நொடியில் எல்லாம் விளங்கியது. தடித்த பக்கத்தில் காகிதம் உட்கார்ந்தால் கோடு விழாமல் என்ன செய்யும்? மெல்லிய பக்கம் இயந்திரத்தில் உரசினால் கிழியாமல் என்ன செய்யும்? அவர் திருத்தத் திருத்த ஏன் மோசமானது? ஒவ்வொரு தடவையும் சரியாகத் திருத்தியதால்தான்! அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் கட்டத்தில் தப்பில்லை. தன் கண்ணில் தப்பில்லை.

முதலில் மனைவியைத்தான் அழைத்தார்.

"உன் தம்பி லட்சணத்தைக் கேளு. என் துணியைத் தலைகீழா மாட்டச் சொல்லிட்டுப் போயிருக்கான். என் பொழப்பைக் கெடுக்கறதுக்கு!"

"அவன் அப்படிச் செய்யமாட்டாங்க."

"செஞ்சிருக்கான். இன்னியோட உங்க அக்கா தம்பி உறவு முடிஞ்சுது. இனிமே அவன் பேச்சு இந்த வீட்ல வரக்கூடாது."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாளோ என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்ததோடு சரி. வைத்துவிட்டு முதலாளிக்குப் போட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"சார், ஒரு பெரிய சதியைக் கண்டுபிடிச்சிருக்கேன். துணியில தப்பே இல்லை. தலைகீழா மாட்டியிருக்காங்க. நீங்களே கேளுங்க." மேனேஜர் பக்கம் திரும்பினார். "யார் சொல்லி இப்படி மாட்டறீங்க? எனக்கு அந்த ஆள் பேரு வேணும். என் முதலாளி காதால கேக்கணும்."

மேனேஜருக்கு வியர்த்தது. "நான் வந்ததிலேர்ந்து இப்படித்தான் மாட்டறாங்க சார். இவங்களுக்கு வழக்கம்னு விட்டுட்டேன்." கூடத்தின் அந்தக் கோடியில் உருளைக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்த ஒருவரைக் கைதட்டி அழைத்தார். "இங்க ரொம்ப வருஷமா இருக்கறது இவர்தான். துணி கம்பெனியிலேர்ந்து வந்திருக்காங்க. கேக்கறதுக்கு மறைக்காம பதில் சொல்லுப்பா."

கிரீஸ்காரர் கையை வேட்டியில் துடைத்தபடி வந்தார். யாரோ ஒரு பெரிய மனுஷர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தார்.

"சொல்லுங்க" என்றார் லென்ஸ்காரர், வெற்றிக் குரலில். "பயப்படாதீங்க. கவுத்து மாட்டச் சொன்னது உங்க பழைய பெரியவர்தானே?"

"அவர்தான் சார்."

"கேட்டுக்கிட்டீங்களா முதலாளி?"

"கேட்டுக்கிட்டேன்" என்றது போன். "எதுக்காக அப்படிச் செஞ்சாராம்? அதையும் கேளுங்க."

"எதுக்குச் செஞ்சாரு? அதையும் ஒளிக்காம சொல்லுங்க."

கிரீஸ்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முதன்முதல்ல அந்தத் துணி வந்தப்போ நேராத்தான் மாட்டினோம் சார். கூழு அப்படியே துணியில அப்பிக்கிச்சு, பேப்பரே எந்திரிக்கலை. தூக்கித் திருப்பி அனுப்புங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. பெரியவர்தான் கையெடுத்துக் கும்பிட்டு, 'வேணாம்ப்பா, இது எங்க அத்தான் போட்ட முதல் டிசைனு, திரும்பிப் போனா அவர் வேலை போயிடும், கவுத்துப் போட்டு ஓட்டிப் பாப்போம்'னாரு. ஓடிடுச்சு. பழுப்பு அட்டையில கோடு விழுந்தா யாரு பாக்கறா? அன்னியிலேர்ந்து அத்தான் துணின்னா கவுத்துத்தான் போடணும், அத்தான் காதுக்கு மட்டும் போகக்கூடாதுன்னு உத்தரவு. நீங்க அந்தக் கம்பெனிதானே சார், அவரைப் பார்த்தா தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. பாவம், அந்த ஒரு துணியை நம்பித்தான் தலை நிமிர்ந்து நடக்கிறாராம்."