பழம் நழுவி மையில் விழுந்தது

"கறுப்பா இருக்கணும்மா. உள்ள வெள்ளை. கடிச்சா லேசா உப்புக் கரிக்கணும்."

பழக்கடைக்காரம்மா லிஃப்ட் மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, நீங்க கேக்குறது பழமா, பல்பொடியா?"

அந்தச் சந்தையில் அது பதினோராவது கடை. முந்தைய பத்துக் கடைகளில் இந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

துறைமுக ஊருக்கு அவர் வந்தது ஓர் ஓட்டல் லிஃப்டை ரிப்பேர் செய்ய. லிஃப்ட் நேற்றே ஓட ஆரம்பித்துவிட்டது. இன்னும் நடுவழியில் நிற்பது மாமனாரின் பழம்தான். கல்யாணமான புதுசில் மனைவியோடு இந்த ஊருக்கு வந்த மாமனார், பஸ்ஸில் திரும்பும்போது ஒரு கறுப்புப் பழம் சாப்பிட்டாராம். அன்றிலிருந்து நாற்பத்தைந்து வருஷமாக, எந்தப் பழத்தைக் கடித்தாலும் "இதெல்லாம் ஒரு பழமா?" என்று பெருமூச்சு விடுகிறார். இன்று அவருக்கு எழுபதாவது பிறந்தநாள்.

அந்தப் பழத்தால் மெக்கானிக்குக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. மூத்த மருமகன் பல் டாக்டர். மாமனார் அவரை வாய் நிறைய "மாப்பிள்ளை" என்று கூப்பிடுவார். இளைய மருமகனான இவரை "லிஃப்ட்காரரே" என்பார். ஏழு வருஷமாக இதே கதை. மூத்தவர் உடைத்தால் மண்குடம், இளையவர் உடைத்தால் பொன்குடம். வெளியே சிரித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அவருக்கு அழுகையே வரும். சொத்து வேண்டாம், சுகம் வேண்டாம், ஒரே ஒரு தடவை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டால் போதும்.

"சும்மா நிக்காதீங்க தம்பி, வியாபாரம் கெடுது. ஆறு பேரிக்கா எடுத்துக்குங்க. புதுசு வேணும்னா கடைசிக் கடைக்குப் போங்க. அவன்தான் கண்டதையும் விப்பான்."

பேரிக்காய்ப் பையோடு கடைசிக் கடைக்குப் போனார். கடைக்காரர் முள்ளும் மயிருமாக ஒன்றை எடுத்து நீட்டினார். கறுப்பாகத்தான் இருந்தது.

"இது உப்புக் கரிக்குமா?"

"தெரியாது சார். சாப்பிட்டவங்க யாரும் திரும்பி வந்து சொன்னதில்ல."

கடித்தார். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. ஐந்தே நிமிஷத்தில் உதடு மட்டும் வீங்கி, முகத்துக்கு முன்னால் போய் நின்றது. அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, வாயில என்ன வெச்சிருக்கீங்க?"

"உதடு."

"சரி சரி, கிளம்புங்க. அக்கா வீட்டுக்காரர் ஒம்பது தினுசுப் பழத்தோட வந்து இறங்கிட்டார். அப்பா ஒவ்வொண்ணையும் ஒரு கடி கடிச்சு ஓரமா வெச்சுட்டார். நீங்க கணவாய் மீனாவது வாங்கிட்டு வாங்க. அம்மாவுக்கு அந்த ஊர்க் கணவாய்னா உசிரு."

அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே கணவாய்தான். அதை அதன் சொந்த மையிலேயே கன்னங்கரேலென்று குழம்பு வைப்பார்கள். மீன்கார அம்மா ஒரு கிலோவைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல் கொடுத்தார்.

"மைப்பை உடைஞ்சா குழம்பும் போச்சு, சட்டையும் போச்சு. அலுங்காம கொண்டு போங்க."

அலுங்காமல்தான் பஸ் ஏறினார். ஆனால் வாசம் அவருக்கு முன்னால் ஏறிவிட்டது.

"யாருய்யா அது, கடலைக் கையோட கொண்டாந்தது?" என்றார் கண்டக்டர். "இறக்கி விட்டுருவேன்!"

மெக்கானிக் அவசரமாகப் பொட்டலத்தைப் பேரிக்காய்ப் பைக்குள் வைத்து மறைத்தார். அடியில் வைத்தால் நசுங்கும் என்று மேலே வைத்தார். மேலே வைத்ததால் பை மூடவில்லை. மூடுவதற்காக ஓர் அழுத்து அழுத்தினார். உள்ளே ஏதோ 'பொளக்' என்றது.

மை முதலில் பேரிக்காய்களைக் குளிப்பாட்டிவிட்டு, பிறகு பையைத் தாண்டி, பக்கத்து சீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைக்கு வந்தது. மெக்கானிக் கைக்குட்டையால் துடைத்தார். ஒரு பொட்டாக இருந்தது தேசப்படமாக விரிந்தது.

"யோவ், நான் இன்டர்வியூவுக்குப் போறேன்யா!"

வேறு வழி? தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். முதுகில் லிஃப்ட் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"இன்டர்வியூ எங்க சார்?" என்று குழறினார்.

"இன்னொரு லிஃப்ட் கம்பெனியில" என்று சொல்லிவிட்டு அந்த மனுஷர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்படியாக, பனியனோடும் வீங்கிய உதட்டோடும் முழங்கை வரை மையோடும் மெக்கானிக் மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றார். கூடத்தில் உறவு மொத்தமும் கூடியிருந்தது. ஒன்பது தினுசுப் பழங்களும் கடிபட்டு, மேஜைமேல் வரிசையாக இருந்தன.

"வாங்க லிஃப்ட்காரரே, லிஃப்டுக்குள்ளயா வந்தீங்க, மேலயா?" என்றார் மாமனார். எல்லோரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். மெக்கானிக்குக்கு அதுதான் தாங்கவில்லை.

மாமியார் வந்து மையில் நனைந்த பொட்டலத்தை மட்டும் பையிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போகுமுன் பைக்குள் ஒரு கணம் எட்டிப் பார்த்தார். மாமனார் பைக்குள் கைவிட்டார். கறுப்பாக ஒன்று வந்தது.

"மாமா, அது வந்து..." என்று மெக்கானிக் உண்மையைச் சொல்லத்தான் ஆரம்பித்தார். அந்த உதட்டை வைத்துக்கொண்டு அதற்கு மேல் முடியவில்லை. அதற்குள் மாமனார் கடித்துவிட்டார்.

மாமனாரின் தாடை நின்றது. கண் கலங்கியது.

"அதே கறுப்பு... அதே உப்பு... அதே கடல் வாசம்!" அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "இந்தா, இங்க வந்து பாரு! கிடைச்சிடுச்சு!"

பல் டாக்டர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "மாமா, இது பேரிக்கா மாதிரில்ல இருக்கு?"

"நீங்க பல்லைப் பாருங்க. பழத்தையெல்லாம் மாப்பிள்ளை பாத்துப்பார்." கறுத்த பற்கள் தெரிய மாமனார் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டார். "உக்காருங்க மாப்பிள்ளை! யாராவது மாப்பிள்ளைக்கு ஒரு சட்டை கொடுங்க!"

மூன்று தடவை! மெக்கானிக் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். சந்தோஷத்தில் உதட்டு வலிகூட மறந்துபோனது.

நல்லகாலம் நாலு நிமிஷம் நீடித்தது.

"அடுத்த வாரம் குடும்பத்தோட கிளம்புறோம்" என்று மாமனார் அறிவித்தார். "அந்த மரத்தை நான் கண்ணால பாக்கணும். ஒரு கன்னு வாங்கியாந்து வாசல்ல நடணும். மாப்பிள்ளை வழி காட்டுவார்."

இல்லாத மரத்துக்கு எங்கே வழி காட்டுவது? 'மாப்பிள்ளை' போய், லிஃப்ட்காரரும் போய், இனி என்ன பெயர் வருமோ? ஒரே ஓட்டமாகச் சமையலறைக்குள் நுழைந்தார்.

மாமியார் கூடத்திலிருந்து எடுத்துவந்த ஒரு பழத்தைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தார். கறுப்பு ஓடி, பச்சைப் பேரிக்காய் வெளியே வந்தது.

"அத்தை," மெக்கானிக் கை கூப்பிக் குழறினார், "அது மரமும் இல்ல, மண்ணும் இல்ல. பஸ்ல கணவாய் மை கொட்டிடுச்சு. எனக்குச் சொல்ல வாய் வரல. நீங்களே மாமாகிட்ட சொல்லிடுங்க."

மாமியார் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"நாப்பத்தஞ்சு வருஷமா நானே சொல்லல, மாப்பிள்ளை. அன்னிக்குப் பஸ்ல நானும் பொட்டலத்தைப் பேரிக்கா மேலதான் வெச்சேன்."