ஏழாம் பக்கத்துப் பன்னிரண்டு நிமிஷம்

நான் தோற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கப் படித்த பிறகு உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் அது உங்கள் கண்ணாடியின் கோளாறு.

எங்கள் வட்டாரத்தில் ஓடும் பஸ்களையும் ரயில்களையும் கவனிக்கிற அலுவலகத்தில் எனக்கு வேலை. கையேடு எழுதுகிறவன். ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு எழுதினேன். தலைப்பு: 'காரை விடுங்கள், காலை எடுங்கள்'. எங்கிருந்து கிளம்பி எங்கே போக எவ்வளவு தூரம் சைக்கிள், எவ்வளவு தூரம் ரயில், எவ்வளவு பஸ், எவ்வளவு நடை என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பாதை. தினமும் காரில் அலுவலகம் போய், ஏ.சி.யில் உட்கார்ந்து, உருகி உருகி எழுதினேன்.

அச்சுக்குப் போகும் முன் படியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

என் மனைவி பிசியோதெரபி செய்கிறவள். வீடு வீடாகப் போய் முட்டி, முதுகு, தோள் என்று பிடித்துச் சரி பண்ணுவாள். மடக்குச் சைக்கிளை பஸ்ஸில் ஏற்றுவாள், ரயிலில் ஏற்றுவாள், மிச்சத்தை நடப்பாள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். அந்தப் பென்சிலுக்குப் பயந்துதான் நான் கடிதம் எழுதுவதையே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பென்சில் கொண்டையிலிருந்து இறங்கியது.

"என்னங்க, இந்த ஏழாம் பக்கம் நம்ம வீட்டிலேர்ந்து உங்க ஆபீஸுக்குப் போற வழிதானே?"

"ஆமா. சைக்கிள் பத்து, ரயில் இருபது, பஸ் பத்து, நடை பன்னிரண்டு. மொத்தம் அம்பத்திரண்டு நிமிஷம். எப்படி?"

"அந்தப் பன்னிரண்டு நிமிஷ நடை யாருக்கு? கொக்குக்கா?"

"மனுஷனுக்குத்தான்!"

"பஸ் ஸ்டாப்புக்கும் ஆபீஸுக்கும் நடுவுல கால்வாய் ஓடுதே."

"எந்தக் கால்வாய்?"

"நீங்க மேப்புல ஸ்கேல் வெச்சு அளந்தீங்களே, அந்த ஸ்கேலுக்கு அடியில நீலமா ஒரு கோடு இருக்கு பாருங்க. அதுதான்."

பார்த்தேன். இருந்தது. இத்தனை நாளும் அதை என் பேனா ஒழுகிய கறை என்று நினைத்திருந்தேன். அதை வெளியே சொல்ல நான் என்ன பைத்தியமா?

"இருந்தா என்ன? பாலம் இருக்குமில்ல?"

"இருக்கு. ரொம்பத் தள்ளி. சுத்திக்கிட்டுப் போகணும். முப்பத்தோரு நிமிஷம். நான் வாரம் ரெண்டு தடவை நடக்கறேன்."

"நீ நடக்கறது வேற. உன் கால் நீளம் வேற. என் நடைக்குப் பன்னிரண்டு!"

"அப்ப நடந்து காட்டுங்க."

"காட்டறேன்!"

யாராவது என் வாயைப் பொத்தியிருக்கலாம்.

மறுநாள் எங்கள் இயக்குநர் அம்மா என்னைக் கூப்பிட்டார். எழுதியவர் தன் வீட்டுப் பாதையிலாவது பயணம் செய்து, 'நானே போய்ப் பார்த்தேன்' என்று பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள். ஊரே சேர்ந்து என்னை நடக்க வைக்கத் திட்டம் போட்டிருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. 'இன்றைக்கு அப்படித்தானே வந்தேன்' என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

ஏனென்றால் அன்று காலைதான் நான் அந்தப் பாதையில் நேர்மையாகப் போயிருந்தேன். சைக்கிளின் சீட்டு என்னைக் கண்டதும் கோபித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பியது. ரயிலில் நின்றேன். பஸ்ஸில் தொங்கினேன். இறங்கி நேராக நடந்தேன். கால்வாய் வந்தது. அகலமான கால்வாய். அக்கரையில் என் அலுவலகத்தின் ஜன்னல், என் மேஜை, மேஜைமேல் நான் வெள்ளிக்கிழமை வைத்துவிட்டு வந்த டீ கப் வரைக்கும் தெரிந்தது. போகத்தான் வழி இல்லை. பாலத்தைத் தேடிச் சுற்றி, மூச்சு வாங்க உட்கார்ந்து, போய்ச் சேர ஒன்றரை மணி நேரம்.

சாயங்காலம் வாசலிலேயே கேட்டாள்.

"எவ்வளவு ஆச்சு?"

"முதல் நாள் பழக்கத்துக்கு. அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது."

"ஒரு வார்த்தை சொல்லுங்க, முப்பத்தொண்ணுனு திருத்திடறேன். முடிஞ்சுது."

"திருத்த விடமாட்டேன்! நாளையிலேர்ந்து மூணு நாள். மூணு நாளும் அம்பத்திரண்டுக்குள்ள போறேன். போனா, இனிமே என் எழுத்துல உன் பென்சில் படக் கூடாது. ஆயுசுக்கும்."

"போகலேன்னா?"

"நீ சொன்னபடி கேக்கறேன்."

அவள் உள்ளே போய், தன் நோயாளிகளுக்குக் கொடுக்கும் அடி எண்ணும் கருவியைக் கொண்டுவந்தாள். தீப்பெட்டி அளவு. நடந்தால் எண்ணும்.

"பஸ்ஸை விட்டு இறங்கினதும் பட்டனை அமுக்குங்க. பாலம் சுத்திப் போனா மூவாயிரத்து இருநூறு அடி. ஆபீஸ் வாசலுக்குப் போனதும் கடிகாரத்தைப் படம் எடுத்து அனுப்புங்க. கருவியைச் சாயங்காலம் பாக்கறேன்."

என்னை நம்பவில்லை பார்த்தீர்களா? இருபது வருஷக் குடித்தனம். நம்பிக்கையில்லாத இடத்தில் நேர்மைக்கு என்ன வேலை? அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன்.

எங்கள் அலுவலக ஜீப் காலையில் தபால் எடுத்துக்கொண்டு அந்த பஸ் ஸ்டாப் வழியாகத்தான் திரும்பும். டிரைவர் தங்கமான மனுஷர். இடுப்புக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்து, விறைப்பாக உட்கார்ந்து ஓட்டுவார். இடுப்பு வலிக்கு யாரோ சொல்லிக் கொடுத்தார்களாம். யார் என்று நான் கேட்டேனா? இல்லை. என் கவனம் முழுக்க மூவாயிரத்து இருநூற்றில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை. சைக்கிள், ரயில், பஸ் மூன்றும் ஒழுங்காக நடந்தன. இறங்கியதும் ஜீப்பில் ஏறினேன். கருவியை வலது கையில் பிடித்து ஆட்ட ஆரம்பித்தேன்.

"சார், கைக்கு என்ன?"

"நடந்துக்கிட்டிருக்கேன். நீங்க ரோட்டைப் பாருங்க."

"உக்காந்துக்கிட்டேவா சார்?"

"புது முறை."

ஆறே நிமிஷத்தில் அலுவலக வாசல். மொத்தம் நாற்பத்தாறு. கடிகாரத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். கருவியில் எழுநூறு அடிதான் ஏறியிருந்தது. பழைய ஃபைல் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு மிச்சத்தை நடந்தேன். அதாவது ஆட்டினேன். நடப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் கையால் நடந்து பார்க்க வேண்டும்.

சாயங்காலம் அவள் கருவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பன்னிரண்டு நிமிஷம்கூட ஆகலையே! மூவாயிரத்து இருநூறு அடியை ஆறு நிமிஷத்துல நடந்தீங்களா?"

"கொஞ்சம் ஓடினேன்."

"ஓ."

அந்த 'ஓ' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் புதன்கிழமை நாற்பத்தேழு. வியாழக்கிழமை நாற்பத்தாறு. வென்றுவிட்டேன்! வியாழன் சாயங்காலம் பென்சிலை அவள் கொண்டையிலிருந்து நானே உருவி அலமாரி மேல் தட்டில் வைக்கப் போனேன். கை அந்த உயரத்துக்குப் போகவில்லை. கீழ்த் தட்டிலேயே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. சட்டை போட வேண்டும். இடது கை நுழைந்தது. வலது கை நுழைய மறுத்தது. ஒரு கையில் சட்டையோடு அறைக்கு நடுவில் நின்றேன். கையெழுத்துப் போட வேண்டிய தினம்!

"என்னங்க, ஏன் தோரணம் மாதிரி நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. நேத்து தூக்கத்துல..."

"கையைத் தூக்குங்க."

"எது வரைக்கும்?"

"போற வரைக்கும்."

பெல்ட் வரைக்கும் போனது. என் மனைவி என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். தோளை அமுக்கினாள். நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு ஜன்னல் திறந்து, மரியாதையாக மூடிக்கொண்டது.

"கால் வலிக்குதா?" என்றாள், ரொம்ப மிருதுவாக.

"கால்தானே? துளி வலி இல்ல!" பெருமையாகச் சொன்னேன்.

என் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தாள்.

"மூணு நாள்ல பத்தாயிரம் அடி ஓடியிருக்கீங்க. இந்நேரம் இது கல்லாட்டம் இருக்கணும். பஞ்சாட்டம் இருக்கு. தோள்தான் வீங்கியிருக்கு. நீங்க என்ன, கையால நடந்தீங்களா?"

"ஓடறப்ப கை வீசுவேன்."

"ரெண்டு கையும்தானே வீசுவாங்க?"

"இடது கையில பை இருந்துச்சு."

"பையை முதுகுல மாட்டிவிட்டதே நான்தானே!"

நான் சுவரைப் பார்த்தேன். சுவருக்கும் என் பக்கம் சேர விருப்பமில்லை.

"செவ்வாய்க்கிழமையே தெரியும்" என்றாள். "உங்க டிரைவர் இடுப்புக்கு நான்தான் பயிற்சி குடுக்கறேன். 'சாருக்குக் கை நடுக்கம் வந்திருக்கு, பாவம், கொஞ்சம் பாருங்கம்மா'ன்னு போன் பண்ணார்."

"அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா? என் தோள் போச்சே!"

"நான் சொல்லி நீங்க என்னிக்குக் கேட்டிருக்கீங்க? அதான் தோளே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மேஜையைக் குத்த நினைத்தேன். வலது கையால் முடியாது. இடது கையால் குத்தினால் யாரும் பயப்படமாட்டார்கள்.

"நான் ஒத்துக்கமாட்டேன். பன்னிரண்டுன்னா பன்னிரண்டு!"

"சரி. பன்னிரண்டுன்னே இருக்கட்டும். யாராவது ஒரு மனுஷர் அதை நம்பி, முதல் நாள் வேலைக்குக் கிளம்பி வந்து, கால்வாய்க் கரையில நிக்கட்டும். அக்கரையில ஆபீஸ் தெரியட்டும்."

திங்கட்கிழமை நான் நின்ற நிலை ஞாபகம் வந்தது. அந்த டீ கப் ஞாபகம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த முகம் தெரியாத ஆளுக்குப் பாலம் இருக்கும் திசையைக் கைகாட்டிவிடலாமா என்றிருந்தது.

"பென்சில் கீழ்த் தட்டுல இருக்கு" என்றேன்.

முப்பத்தொன்று என்று திருத்தினாள். மொத்தம் எழுபத்தொன்று. பேனாவை என் இடது கையில் வைத்தாள்.

"போடுங்க. திங்கக்கிழமை நிஜமாவே நடந்துதானே போனீங்க. பொய்யில்ல."

போட்டேன். கையெழுத்து மழையில் நனைந்த எறும்பு மாதிரி வந்தது. ஆனால் அது என் கையெழுத்து. என் பக்கம். என் கையேடு. ஆகவே நான் தோற்கவில்லை.

"ஆறு வாரத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. சைக்கிளும் கூடாது" என்றாள், என் கையைக் கழுத்தோடு சேர்த்துத் துணியால் தொட்டில் கட்டியபடி.

"அப்ப ஆபீஸுக்கு எப்படிப் போறது?"

ஏழாம் பக்கத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். பிறகு கீழே குனிந்து, அந்தத் தீப்பெட்டிக் கருவியை என் கணுக்காலில் கட்டி, ஒற்றைக் கையால் அவிழ்க்க முடியாதபடி இரட்டை முடிச்சுப் போட்டாள்.