ஊசல் அறிந்த மாத்திரை

ஊசலார் எதைக் கேட்டாலும் சொல்வார். டயர் கடை மாடியில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், காலை எட்டு மணிக்கே நிரம்பிவிடும். அவர் கையில் ஒரு நூல், நுனியில் பித்தளைக் குண்டு. அதை மாத்திரைமேல் தொங்கவிடுவார். வலமாகச் சுற்றினால் அமிர்தம், இடமாகச் சுற்றினால் விஷம். ரத்தப் பரிசோதனையும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். முன்வரிசைக்கு அடித்துக்கொண்டவர்களில் பாதிப் பேர் பட்டதாரிகள்.

அங்கே ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணன் பஸ் கண்டக்டர். ஈரலில் புற்றுநோய் வந்து, ஈரலையே மாற்றிப் பிழைத்தவர். வந்த ஈரலை உடம்பு விரட்டாமலிருக்க, உடம்பின் காவலை அடக்கும் மாத்திரை தினமும் போட வேண்டும். அடக்காவிட்டால் ஈரல் போய்விடும். ரொம்ப அடக்கினாலோ பழைய புற்று தலைதூக்கலாம். அதனால் டாக்டர் ரத்தத்தைப் பார்த்து, பழைய மாத்திரையைக் குறைத்துப் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். அது அண்ணனுக்கு வயிற்றைக் கலக்கியது. ஊசலார் சொல்லட்டும் என்று இரண்டு நாளாக இரண்டையுமே நிறுத்திவிட்டார். புத்திசாலி!

தங்கைக்கு, கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் அலுவலகத்தில் வேலை.

"சரி, நானும் வர்றேன். ஆனா உள்ள நீ வாயைத் திறக்கக் கூடாது" என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தாள்.

ஊசலார் முன், மாத்திரை போட்டு ஒட்டிய கவர்கள் இரண்டை வைத்தாள். "ஈரல் மாத்தினவருங்க. இதுல எந்த மாத்திரை இவருக்கு ஒத்துக்கும்?"

ஊசலார் கண்ணை மூடினார். "ஈரல் கொடுத்த ஆத்மா பக்கத்துலதாம்மா நிக்குது. விபத்துல போன உயிர். பாவம்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அண்ணன் மட்டும் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

குண்டு முதல் கவர்மேல் வலமாகச் சுற்றியது, இரண்டாவதன்மேல் இடமாக. "இது அமிர்தம். அது விஷம், தொட்டா அந்த ஆத்மா மன்னிக்காது. அதுக்குப் பதிலா நம்ம பொடியை எடுத்துக்கட்டும்."

தங்கை கவர்களைக் கிழித்தாள். "ரெண்டும் ஒரே மாத்திரைங்க. ஒரே அட்டையை ரெண்டா வெட்டினேன். ரெண்டு தட்டுலயும் சமமா எடை வெச்சும் முள் சாஞ்சா, தராசுதான் கோளாறுன்னு எழுதுவோம்."

"தெய்வ காரியத்தைச் சோதிக்கக் கூடாதும்மா. ஆத்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு."

"வந்துடுச்சுதான். பக்கத்துல நிக்குதுன்னதும் சரிதான். பாதி ஈரலை அறுத்துக் கொடுத்தவ நான். இன்னும் சாகலைங்க."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. "உயிரோட இருக்கறவங்க வந்தா ஊசல் குழம்பும் போலிருக்கு" என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர். அந்தப் புத்திக்கு எந்த மாத்திரையும் வேலை செய்யாது.

அண்ணன் அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். டாக்டர் திட்டியது மூன்றாம் வரிசைவரை கேட்டது. விட்டுப்போனதைச் சேர்த்துப் போட வேண்டாம், உடனே ரத்தப் பரிசோதனைக்கு வா என்றார்.

படியிறங்கும்போது அண்ணன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு பண்ணிட்டேன்மா."

"இதைத் தொலைச்சேன்னா, கொடுக்க எங்கிட்ட இன்னொரு பாதி இல்லண்ணா."

ஈரல் கெட்டால் மாற்றி வைக்க டாக்டர் இருக்கிறார். மூளையை மாற்றி வைக்க இன்னும் யாரும் வரவில்லை, ஐயாமாரே. இருப்பதைக் கொஞ்சம் புழங்குங்கள்.