அட்ஜஸ்ட் ஆகாத அண்ணன்

2006 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. காலையில் வழக்கம்போல் எழுந்து, குழாயில் தண்ணீர் பிடித்து, சைக்கிளைத் துடைத்து, வாரத்துக்கான சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு நிற வரிசைப்படி மாட்டினேன். (வெள்ளைதான் முதலில். இதைக் கேட்கவும் வேண்டுமா?) விருத்தாசலத்தில், மின்சாரத்துக்கான பீங்கான் பீஸ் கட்டை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். கோணலாக வெந்த கட்டைகளைப் பொறுக்கி ஒதுக்குவது என் வேலை. உலகத்தையே அப்படிப் பொறுக்கி ஒதுக்கும் அதிகாரம் தனக்கு இருப்பதாக நம்பிய முப்பத்தோரு வயது முட்டாள்.

அந்நாட்களில் நான் அடியோடு வெறுத்த சொல் 'அட்ஜஸ்ட்'. வெள்ளைக்காரன் அதை மூக்குக் கண்ணாடிக்கும் திருகாணிக்கும் வைத்திருந்தான். நாம் அதை மனிதர்கள் தலையில் கட்டினோம். மூன்று பேர் சீட்டில் நான்காவதாக இடுப்பை நுழைப்பவர், சம்பளத்தைத் தள்ளிப்போடும் முதலாளி, சாம்பார் தீர்ந்துபோன ஓட்டல்காரர், எல்லோருக்கும் இந்த ஒரு சொல் போதும். மன்னிப்பும் கேட்க வேண்டியதில்லை, தப்பைச் சரிசெய்யவும் வேண்டியதில்லை. (இந்தக் கருத்தை இன்றும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. அதைச் சொன்ன இடம்தான் தப்பு.)

அன்று மாலை என் தங்கை கலாவைப் பெண் பார்க்கப் பெண்ணாடத்திலிருந்து வந்தார்கள். கரும்பு போடும் குடும்பம். எந்த மாப்பிள்ளை போட்டோவைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கும் கலா, இந்தப் போட்டோவை மட்டும் திருப்பித் தரவே இல்லை.

"இது அமையணும்டா. இன்னிக்கு ஒரு நாளு வாய மூடிகிட்டு இரு" என்று அம்மா என்னைக் கெஞ்சியிருந்தார்.

ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆறு நாற்காலிகளை நூல் பிடித்ததுபோல் போட்டு வைத்திருந்தேன். வேனிலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க தம்பி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

பல்லைக் கடித்துக்கொண்டேன். கேசரி முடிந்தது. கலா வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். டீ குடித்துக்கொண்டே மாப்பிள்ளையின் அப்பா மறுபடியும் ஆரம்பித்தார்.

"எங்க வூட்ல பதினாறு பேருங்க. பொண்ணு அட்ஜஸ்ட் பண்ணிக்குமா?"

"பண்ணிக்காதுங்க" என்றேன். என் அப்பாவுக்குப் புரையேறியது. நான் நிறுத்தவில்லை. "பச்ச மண்ணத்தான் அட்ஜஸ்ட் பண்ணலாம். வளைக்கலாம், அமுக்கலாம். சூளையில வெந்துட்டா நடக்காதுங்க. ஒடஞ்சிடும்."

மாப்பிள்ளையின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஒங்க தங்கச்சி வெந்ததுங்களா, வேகாததுங்களா?"

அது கேலி என்று அங்கிருந்த நாற்காலிகளுக்குக்கூடப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை கையிலிருந்த பீங்கான் கப்பை எட்டிப் பிடித்து, "இத வளைக்க முடியுமா, பாருங்க" என்று கைப்பிடியை முறுக்கிக் காட்டினேன். என் தத்துவம் உடனே நிரூபணமானது. கைப்பிடி என் கையில், கப்பு மாப்பிள்ளை மடியில், டீ அவருடைய புது வேட்டியில். (ஆறிப்போன டீ. அந்த வகையில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம்.)

"வெளிய போடா!" என்றார் அப்பா.

பதினோரு பேரும் எழுந்துவிட்டார்கள். அதற்குள் கலா ஈரத் துண்டோடு வெளியே வந்தாள். துண்டை மாப்பிள்ளையிடம் நீட்டிவிட்டு, அவருடைய அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணன் அப்பிடித்தாங்க மாமா. பொறந்ததுலேருந்து நான் இவர அட்ஜஸ்ட் பண்ணிகிட்டுதான் இருக்கேன்."

அந்த 'மாமா'வில், வாசலுக்குத் திரும்பியவர்கள் நின்றுவிட்டார்கள். முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அப்புறம் அவருடைய அப்பா.

"இந்த ஆளோடயே இத்தினி வருசம் இருந்திருக்குதுன்னா, எங்க வூட்டு பதினாறு பேரெல்லாம் ஒரு கணக்கா! தட்ட மாத்திக்கலாங்க" என்றபடி அவர் உட்கார்ந்தார். உடன் வந்த பத்துப் பேரும் உட்கார்ந்தார்கள்.

பெண்ணாடத்தில் இன்றுவரை என் பெயர் 'வெந்த மண்ணு மாமா'. கலாவின் பிள்ளைகளுக்கு என் நிஜப்பெயர் தெரியுமா என்பதே சந்தேகம்.

மறுநாள் காலை அம்மா முதல் வேலையாக வீட்டிலிருந்த பீங்கான் கப்புகளை எல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினார். பிறகு எனக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தார்.