ஏழாவது மாடி அம்மாள்

ஏழாவது மாடி பால்கனியில் நின்ற அம்மாள் அழுதுகொண்டிருந்தாள்.

சுண்டுவிரல் நகம் உயரம்தான் இருப்பாள். இனிமேல்தான் கட்டப்போகிற அடுக்குமாடி வீடுகளுக்கு அட்டையில் ஒரு மாதிரி செய்து வைத்திருந்தார்கள். பஞ்சில் செய்த மரங்களுக்கு இருபுறமும் இரண்டு கட்டடங்கள் எதிரெதிரே நின்றன. அதில் அவளும் ஒரு குடித்தனக்காரி. முகத்தில் பூசிய நிழல் வண்ணத்தில் தண்ணீர் கொஞ்சம் கூடிப்போய், பழுப்பெல்லாம் கண்ணுக்குக் கீழே இறங்கித் தேங்கிவிட்டது.

பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறவள் பொம்மையக்கா. அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். தூரிகையைத் தொட்டால் அந்த வீட்டுக்குள்ளேயே குடிபோய்விடுவாள். இந்த அம்மாள் யாருக்காகக் காத்திருக்கிறாள், அடுப்பில் என்ன வைத்துவிட்டு வந்தாள் என்றெல்லாம் யோசித்தபடி, ஏழாம் மாடிக் காற்று முகத்தில் படுவதுபோல் கண்ணை மூடிக்கொள்வாள். வண்ணம் அந்த நேரம் பார்த்துத்தான் வழியும்.

முதலாளி கதவருகே தலையை நீட்டினார். "வீடு பார்க்கறவங்க கிளம்பிட்டாங்களாம். எல்லாப் பொம்மையும் சந்தோஷமா இருக்கணும்மா. இல்லேன்னா கடையில வெள்ளை பிளாஸ்டிக் பொம்மை வாங்கி ஒட்டிட்டுப் போறேன். அதுங்களுக்கு முகமும் இல்ல, வம்பும் இல்ல."

வேலை போய்விடுமே என்ற பயம் ஒருபுறம். இத்தனை அழகான வீடுகளில் முகமில்லாத ஜனங்களா குடியிருப்பது என்ற வேதனை அதைவிடப் பெரிதாக இருந்தது.

கன்னத்திலும் நெற்றியிலும் வெளிர் நிறம் தொட்டாள். மேடுகளில் ஒளி விழுந்தால் முகம் மலரும் என்பது தொழில் பாடம். ஆனால் புருவ மேடுதான் முதலில் எழுந்து நின்றது. அழுதவள் இப்போது முறைத்தாள்.

"யாரை முறைக்கிறாங்க?" பக்கத்து மேசையில் அட்டைச் சுவர் வெட்டிக்கொண்டிருந்த சுவரண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இப்ப சிரிச்சிடுவாங்கண்ணே. உதட்டுல துளி சிவப்பு வச்சா போதும்."

வைத்தாள். வாய் பெரிதாகிவிட்டது.

"திட்டறாங்க," என்றார் சுவரண்ணன்.

எல்லாவற்றையும் அடக்கிவிட மேலே ஒரு மங்கல் பூச்சுக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். மங்கல் பூச்சுக்கும் பளபளப்புப் பூச்சுக்கும் ஒரே மாதிரிக் குப்பி. அந்தி வெயில் அந்தப் பால்கனியில் எப்படிச் சாயும் என்று யோசித்தபடியே கைக்குக் கிடைத்ததை எடுத்தாள். முகம் பளபளவென்று நனைந்தது. அழுகை, முறைப்பு, திட்டு மூன்றையும் அந்த அம்மாள் இப்போது சேர்த்தே நடத்தினாள்.

"தனியா நிக்கறதாலதான் அப்படித் தோணுது. பக்கத்துல ஒரு ஆளை நிறுத்திப் பாரு," என்று யோசனை சொன்னார் சுவரண்ணன்.

மாதிரியின் பூங்காவில் பந்து பிடிக்கக் கைகளை விரித்து நின்ற மனிதரைப் பெயர்த்தெடுத்துப் பால்கனியில் ஒட்டினாள். பசை பிடித்த பிறகுதான் தெரிந்தது. 'நான் என்னடி பண்ணட்டும்' என்று கேட்கிற புருஷனுக்கும் அவருக்கும் எள்ளளவும் வித்தியாசமில்லை.

"குடும்பம் ஆயிடுச்சு," என்றார் சுவரண்ணன்.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். முதலாளி நீச்சல் குளத்தைக் காட்டினார், லிஃப்டைக் காட்டினார். கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மனைவி மட்டும் ஏழாவது மாடியைவிட்டு நகரவில்லை. குனிந்தாள், கழுத்தைச் சாய்த்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

முதலாளியும் அப்போதுதான் அங்கே பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. பொம்மையக்கா ஏற்கெனவே சுத்தமாக இருந்த தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே நின்றாள். இந்தத் தூரிகைக்கு இதுதான் கடைசிக் குளியல் என்று நினைத்துக்கொண்டாள்.

"அது தப்பா வந்துடுச்சுங்க, இப்பவே எடுத்துடச் சொல்றேன்," என்றார் முதலாளி. "ரொம்ப அமைதியான குடியிருப்புங்க இது. சத்தமே இருக்காது."

அந்தப் பெண்மணி நிமிரவேயில்லை.

"அவங்களுக்கு நேர் எதிர் வீட்டை யாரும் புக் பண்ணிடலையே?"